ஆஸ்பத்திரி பார்மசில ஏன் ஆளு நிக்கறதில்லை?

கோபிப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்காரு. பொண்ணு குமாரபாளையத்துல பி.பார்ம் முடிச்சாச்சு, கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில பார்மசிஸ்ட்டா ஆபர் வந்திருக்குது, ஆனா அங்க முன்னாடி சேந்த புள்ளைங்க எல்லாம் ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ஒன்றரை வருஷத்துல விட்டுட்டுப் போயிட்டாங்களாம், சரவணம்பட்டில மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளி ரெக்கார்டைப் படிச்சு இன்சூரன்ஸ் பில்லுக்குக் கோடு போடற வேலைக்குப் போனா ஏசி ரூம்ல உக்காந்தே வேலைங்கறாங்களாம், ஆஸ்பத்திரி பார்மசி வேலைல திருப்தின்னு ஒண்ணு இருக்குதா இல்லையா, தெளிவா சொல்லுங்கன்னு. நான் கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரி பார்மசிலயே தலை நரைச்ச ஆளுங்ணா, கவுன்டர்ல ஆரம்பிச்சு இன்சார்ஜ் வரைக்கும் வந்தாச்சு, இன்டர்வியூ எடுக்கற பக்கமும் உக்காந்திருக்கேன், அதனால சித்தே நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முடிவை மொதல்லயே சொல்லிடறேன். இந்த வேலைல திருப்தி நெம்பவே இருக்குது, ஆனா எல்லா ஆஸ்பத்திரிலயும் அது கிடைக்காது. பார்மசிஸ்ட் செய்யற வேலைல எதை நிர்வாகம் கணக்கு வச்சு எழுதுதோ அதைப் பொறுத்துத்தான் ஆளு நிக்கறதும் ஓடறதும். பெரும்பாலான எடத்துல வித்த மாத்திரைக்குக் கணக்கு இருக்குது, தொலைஞ்ச மாத்திரைக்குக் கணக்கு இருக்குது, தடுத்த தப்புக்கு மட்டும் கணக்கு கெடையாது. புள்ளைங்க கெளம்பறதுக்கு மூல காரணம் இதுன்னுதான் நான் பாத்த வரைக்கும் தோணுது. சம்பளம், நைட் டூட்டி எல்லாம் அதுக்கு மேல வந்து ஏறுற சுமை.

வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி பார்மசின்னா சீட்டைக் குடுத்தா மாத்திரை குடுக்கற எடம், அவ்ளோதான். உள்ள நடக்கறது வேற. காலைல ஷிப்ட்டுக்கு வந்தா நைட்ல இருந்தவன்கிட்ட நார்கோட்டிக் ரிஜிஸ்டரை எண்ணிப் பாத்து வாங்கோணும், மார்பின், பென்டனில் ஆம்பியூல் ஒண்ணு இடிச்சாலும் அன்னிக்கு ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போக முடியாது. பிரிட்ஜ் ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள நின்னிருக்குதான்னு பாத்து எழுதோணும், நைட்ல கரண்ட் போயி ஜெனரேட்டர் லேட்டா எடுத்திருந்தா இன்சுலினு, வேக்சினு எல்லாத்தையும் என்ன பண்றதுன்னு அப்பவே முடிவெடுக்கோணும். அதுக்குள்ள வார்டுல இருந்து இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதற சீட்டு, வர ஆரம்பிச்சிரும், ஐசியூல இருந்து ஸ்டாட்னு, உடனே வேணும்னு, ஒண்ணு வரும், அதைப் போட்டுக் குடுத்துட்டு நிமிந்தா ஓபி கூட்டம் கவுன்டர்ல நிக்கும், பதினொரு மணிக்கு மேல டிஸ்சார்ஜ் பைலு ஒவ்வொண்ணா எறங்கும், வார்டுல திருப்பி அனுப்பின மருந்தை ரிட்டர்ன் போடோணும், ஷெட்யூல் எச்1 மருந்துன்னா, அதாவது சீட்டில்லாம குடுக்கக் கூடாததுல இன்னும் கண்டிப்பான லிஸ்ட்டுல இருக்கற மருந்துன்னா, நோயாளி பேரு, டாக்டர் பேரு, அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல ஏத்தோணும், 2014 மார்ச்சுல இருந்து அது சட்டம், மூணு வருஷம் அந்த நோட்டைப் பத்திரமா வச்சிருக்கோணும். இதுல முக்காவாசி நேரம் நின்னுக்கிட்டே. தமிழ்நாட்டுல 2021-ல கடைங்க, நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தி வேலை செய்யறவங்க உக்கார சேர் குடுக்கோணும்னு கொண்டு வந்தாங்க, நல்ல சட்டம், ஆனா கவுன்டர்ல ஸ்டூல் கெடந்தாலும் அதுல உக்கார நேரம் கிடைக்கறது அபூர்வம்.

இவ்ளோ வேலை இருக்குதேன்னு யாரும் ஓடிப் போறதில்லைங்ணா. வேலைப் பளுவுக்குப் பயந்து போனவங்களை நான் கொஞ்சம் பேரைத்தான் பாத்திருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன் பாருங்க, எதனால மனசு விட்டுப் போகுதுன்னு புரியும்.

ஒரு நாள் பொழுதோட டிஸ்சார்ஜ் கவுன்டர்ல காங்கேயம் பக்கத்துல இருந்து வந்த பெரியவரோட பையன் நின்னுக்கிட்டு இருந்தாரு. அப்பாருக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை, ஊட்ல குப்பி இன்சுலின்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, இந்த தடவை டாக்டர் மாத்தி கேட்ரிட்ஜ் எழுதிட்டாரு, அதாவது பேனாவுல போட்டுக் குத்தறது. பையன் சீட்டைக் குடுத்துட்டு, "அம்மணி, மருந்து மட்டும் குடுத்துருங்க, அந்தப் பேனா எச்சா காசு, நமக்கு வேண்டாம், ஊட்ல பழைய சிரிஞ்சு ஒரு பாக்கெட்டு கெடக்குது, அதுலயே இழுத்துப் போட்டுக்கறம்"னாரு. கவுன்டர்ல இருந்த புள்ள வேலைக்குச் சேந்து ஆறு மாசம் கூட ஆகாதவ. பில்லைப் போட்டுத் தாட்டி விட்டிருக்கலாம், பின்னால அத்தனை பேரு நிக்கறாங்க. அவ கேட்டா, "அந்த சிரிஞ்சுக்கு மூடி என்ன கலருங்ணா?" "செவப்பு".

இதுல என்ன இருக்குதுன்னா, நம்ம நாட்டுல குப்பில வர்ற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்குண்டான சிரிஞ்சுதான் செவப்பு மூடி. கேட்ரிட்ஜுல இருக்கறது ஒரு மில்லிக்கு 100 யூனிட். செவப்பு மூடி சிரிஞ்சுல 20-ங்கற கோடு வரைக்கும் இழுத்தா அரை மில்லி வரும், குப்பி மருந்துன்னா அது 20 யூனிட், கேட்ரிட்ஜ் மருந்துன்னா அதே அரை மில்லில 50 யூனிட். ரெண்டரை மடங்கு. எழுபது வயசு மனுசன், ராத்திரி சாப்பிடறதே ஒரு தோசை, அதுக்கு 50 யூனிட் போட்டுட்டுப் படுத்தா காலைல எந்திரிக்க மாட்டாரு. அந்தப் புள்ள பொறுமையா எடுத்துச் சொல்லி, வார்டுக்குப் போன் அடிச்சு, டாக்டர்கிட்டக் கேட்டு பழைய 40 யூனிட் குப்பிக்கே சீட்டை மாத்தி எழுத வச்சு, செவப்பு மூடி சிரிஞ்சு மட்டும்தான்னு கவர் மேல பேனாவுல எழுதிக் குடுத்து அனுப்புனா.

சரி, இது ஆஸ்பத்திரி கணக்குல எப்பிடிப் பதிவாச்சு தெரியுங்களா? கேட்ரிட்ஜ் பில்லு கேன்சல். டிஸ்சார்ஜ் கிளியரன்ஸ் இவ்ளோ நிமிஷம் லேட். வரிசைல நின்ன ஒருத்தர் கம்ப்ளைன்ட் புக்ல எழுதிட்டுப் போனது ஒண்ணு. மாச ரிவ்யூ மீட்டிங்ல இந்த மூணும் வந்துச்சு. ஒரு உசுரு போகாம நின்னது எந்த ஷீட்லயும் வரல, வர்றதுக்கு அங்க ஒரு கட்டமே கெடையாது.

இதே மாதிரிதான் மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடோணும், வழக்கப்படி தெனமும்னு நெனச்சு சாப்பிட்டா வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணு எறங்கி ஆளே போயிருவாங்க. நல்ல பார்மசிஸ்ட் கவர் மேல "ஞாயித்துக்கெழமை மட்டும்"னு தமிழ்ல எழுதி, திரும்பச் சொல்ல வச்சு அனுப்புவாங்க. டோபமின், டோபுடமின் பேரும் ஒண்ணு மாதிரி, சில கம்பெனில பொட்டி கூட ஒண்ணு மாதிரி, அதைப் பக்கத்துப் பக்கத்துல வைக்காம பிரிச்சு வச்சவன் எத்தனை தப்பைத் தடுத்தான்னு அவனுக்கே தெரியாது. நடக்காம போனதுக்கு சாட்சி ஏது. அந்த மாதிரி வேலைங்க இது, ஒழுங்கா நடந்தா கண்ணுக்கே தெரியாது.

ஆனா ஸ்டாக் ஆடிட்னு வந்துருச்சுன்னா பாருங்க. பேன்டோபிரசோல் ரெண்டு ஸ்ட்ரிப் இடிக்குது, ஒரு ஐவி செட்டு கணக்குல இருக்குது ரேக்ல இல்ல, எமர்ஜென்சில நைட் ரெண்டு மணிக்கு நர்ஸ் ஓடி வந்து எடுத்துட்டுப் போனது அப்பறம் இன்டென்ட் போடாம விட்டிருப்பாங்க, அது யாரு தலைல விடியும்? அந்த ஷிப்ட்ல இருந்தவங்க தலைல. சில ஆஸ்பத்திரில அந்தக் காசை ஷிப்ட்ல இருந்தவங்களுக்குப் பங்கு போட்டு சம்பளத்துல பிடிக்கறாங்க. எக்ஸ்பைரி ஆன சரக்குக்கும் பிடிக்கற எடம் உண்டு, வாங்கினது பர்ச்சேஸ் ஆபீசரு, எழுதாம விட்டது டாக்டரு, காசு கட்டறது கவுன்டர்ல நின்ன புள்ள. தொகை பெருசா இருக்காது, ஆனா நாலு வருஷம் படிச்சுப் பதிவு பண்ணின ஆளை மளிகைக் கடைல கல்லா பாக்கற பையனாட்டம் நடத்துறாங்கன்னு மனசுல பதிஞ்சிருமுங்க. நான் எக்சிட் இன்டர்வியூல கேட்டப்ப "சம்பளம் பத்தல"ன்னு பேப்பர்ல எழுதிட்டு, டீ குடிக்கறப்ப இதைத்தான் சொல்லுவாங்க.

சம்பளத்தைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லாட்டி பூசி மழுப்பறேன்னு நெனைப்பீங்க. புதுசா சேர்ற பார்மசிஸ்ட்டுக்கு நம்ம ஊரு தனியார் ஆஸ்பத்திரில பெரும்பாலும் ஈஎஸ்ஐ பிடிப்பாங்க, ஈஎஸ்ஐ பிடிக்கற சம்பள வரம்பே மாசம் 21,000 தான், அதுல இருந்து நீங்களே புரிஞ்சுக்கோங்க. அரசாங்கத்துல எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா எடுக்கற பார்மசிஸ்ட்டுக்கு அடிப்படைச் சம்பளமே 35,400-ல தொடங்குது. ஒரே படிப்பு, சொல்லப் போனா அங்க டி.பார்ம் போதும். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா ஆளு எச்சா, எடம் கம்மி. ஈரோடு, திருச்செங்கோடு, குமாரபாளையம், நாமக்கல், சேலம், கோயமுத்தூர், ஊட்டின்னு நம்ம பக்கம் பார்மசி காலேஜ் இல்லாத ஊரு எங்கிருக்குது, வருஷா வருஷம் பேட்ச் பேட்ச்சா வெளிய வர்றாங்க. இன்னொரு பக்கம் சர்ட்டிபிகேட்டை மட்டும் கடைக்கு வாடகைக்கு விட்டுட்டு வேற வேலைக்குப் போற பழக்கம். 1948 பார்மசி சட்டம் 42-ஆவது பிரிவுப்படி பதிவு பண்ணின பார்மசிஸ்ட் தவிர வேற யாரும் சீட்டுக்கு மருந்து குடுக்கக் கூடாது, ஆனா பிரேம் போட்டு சுவத்துல மாட்டின சர்ட்டிபிகேட் ஒருத்தரோடது, மருந்தெடுத்துக் குடுக்கறது இன்னொருத்தருன்னு எத்தனை கடை இருக்குது. இந்த வாடகை ஒழியற வரைக்கும் ஒழுங்கா நின்னு வேலை செய்யற பார்மசிஸ்ட்டுக்கு வெலை ஏறாது, இதை நம்மாளுங்களே செய்யறதுதான் எனக்கு எரிச்சல்.

வேலைத் திருப்தியைப் பத்திப் படிக்கறவங்க எல்லாரும் ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்கரைச் சொல்லுவாங்க. 1950-கள்ல பிட்ஸ்பர்க் பக்கம் இருந்த இன்ஜினியருங்க, கணக்காளருங்களைக் கேட்டுப் பாத்து 1959-ல அவரு சொன்னது என்னன்னா, சம்பளம், மேலதிகாரி, கம்பெனி ரூல்ஸ், வேலை செய்யற எடம் இதெல்லாம் மோசமா இருந்தா ஆளுக்கு அதிருப்தி வரும், ஆனா அதையெல்லாம் சரி பண்ணிட்டா மட்டும் திருப்தி வந்துராது, திருப்திங்கறது வேற கணக்கு, செய்யற வேலைல இருந்தும், அதை நாலு பேரு ஒத்துக்கறதுல இருந்தும், பொறுப்பு குடுக்கறதுல இருந்தும்தான் வரும்னு. எனக்கு இதுல பாதி ஒத்துப் போகுது, பாதி போகல. சம்பளத்தை அவரு ரெண்டாவது வரிசைல வச்சதுக்கு, அவரு கேட்ட ஆளுங்க நல்லா சம்பாதிச்சவங்கங்கறது ஒரு காரணமா இருக்கும்னு நெனைக்கறேன். காந்திபுரத்துல ஹாஸ்டல் வாடகை, கல்விக் கடன் தவணை, ஊருக்குப் போயிட்டு வர்ற பஸ் செலவு போக கைல என்ன நிக்குதுன்னு பாக்கற புள்ளைக்கு சம்பளம் ரெண்டாவது விஷயம் இல்லீங்க. ஆனா மீதி பாதி நூத்துக்கு நூறு உண்மை, ஏன்னா சம்பளம் ஏத்திக் குடுத்தும் ஆளு போன எடத்தை நான் பாத்திருக்கேன், சம்பளம் அதே இருந்தும் அஞ்சு வருஷம், எட்டு வருஷம் நின்ன டீமையும் பாத்திருக்கேன்.

அப்பிடி நின்ன எடத்துல என்ன வித்தியாசம்னா, பார்மசி இன்சார்ஜ் யாருக்கு ரிப்போர்ட் பண்றாருங்கறது. இதை யாரும் கவனிக்கறதில்லை, நான் இதைத்தான் மொதல்ல பாப்பேன். பல ஆஸ்பத்திரில பார்மசி பைனான்ஸுக்கோ பர்ச்சேஸுக்கோ கீழ வரும், ஏன்னா தனியார் ஆஸ்பத்திரிக்கு வருமானம் வர்ற பெரிய வாசல்கள்ல பார்மசி ஒண்ணு. அங்க மீட்டிங்னா பேச்சு பூராவும் சேல்ஸ், மார்ஜின், எந்த டாக்டர் சீட்டு வெளிய கடைக்குப் போகுது, நம்மகிட்ட மருந்து வாங்காமத் திரும்பின சீட்டு எவ்ளோ, இதுதான். அதே பார்மசி மெடிக்கல் சூப்பிரண்டு கீழயோ மெடிக்கல் டைரக்டர் கீழயோ இருந்தா கேள்வியே வேற மாதிரி வரும், போன மாசம் எத்தனை பிரிஸ்கிரிப்ஷன்ல டோஸ் மாத்த வேண்டி வந்துச்சு, அலர்ஜி எழுதாம எத்தனை சார்ட்டு வந்துச்சு, ஆன்டிபயாடிக் எந்த வார்டுல எச்சாப் போகுதுன்னு. ரெண்டுமே ஆஸ்பத்திரிக்கு வேணுங்க, வியாபாரம் இல்லாம சம்பளம் எங்கிருந்து வரும், நான் அதைக் கொறை சொல்லல. ஆனா ரெண்டாவது மாதிரி கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது கேக்கற எடத்துல அந்த இன்சுலின் புள்ளை செஞ்ச வேலைக்கு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு ஆளுங்க எவ்ளோ நாள் நிப்பாங்கன்னு நிர்வாகத்துல இருக்கறவங்களுக்குத் தெரியறதில்லை.

என்ஏபிஎச், அதாவது ஆஸ்பத்திரி தரத்துக்குக் குடுக்கற அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரின்னா இதுக்கு ஒரு வழி இருக்குது. அதுல மருந்து மேலாண்மைக்குன்னே தனி அத்தியாயம் வச்சிருக்காங்க, ஆபத்து அதிகமான மருந்துக்குத் தனி லிஸ்ட்டு, பேரும் பொட்டியும் ஒண்ணு மாதிரி இருக்கற மருந்தைப் பிரிச்சு வைக்கறது, மருந்துத் தப்பு, நடக்க இருந்த தப்பு ரெண்டையும் பதிவு பண்றது, எல்லாம் கட்டாயம். நல்ல எடத்துல இதை நெசமாவே செய்வாங்க, எழுதினவனைத் திட்ட மாட்டாங்க. மத்த எடத்துல ஆடிட் வர்ற வாரம் ராத்திரி உக்காந்து முன்தேதி போட்டு பாரம் நெரப்புவாங்க, அந்த வாரம் பூரா பார்மசில லைட்டே அணையாது. பொண்ணு சேரப் போற எடம் எந்த ரகம்னு உள்ள இருக்கற ஒரு நர்ஸைக் கேட்டாலே தெரிஞ்சிரும்.

டாக்டருங்க கூட இருக்கற ஒறவு இன்னொரு பெரிய விஷயம். பார்மசிஸ்ட் போன் பண்ணி "சார், இந்த டோஸ் கிட்னிக்குக் கொஞ்சம் எச்சா மாதிரி இருக்குதுங்க, கிரியேட்டினின் 3 இருக்குது, இதேதானா?"ன்னு கேட்டா, "ஆமாப்பா, நல்ல வேளை, பாதியாக்கிடு"ன்னு சொல்ற டாக்டரும் இருக்காங்க, "எழுதினதைக் குடு"ன்னு வைக்கறவங்களும் இருக்காங்க. மொத மொத அந்த ரெண்டாவது பதில் வாங்கின புள்ள அடுத்த தடவை போனை எடுக்கவே யோசிக்கும், ரெண்டு மூணு தடவை ஆச்சுன்னா கேக்கறதையே விட்டுரும், கேக்கறதை விட்ட அன்னிக்கே அவங்க மனசளவுல வேலையை விட்டாச்சுன்னு வச்சுக்கோங்க. நான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றது, லேப் ரிப்போர்ட்டைக் கைல வச்சுக்கிட்டுக் கேளுங்க, தப்புன்னு சொல்லாதீங்க, இதேதானான்னு கேளுங்க, மாத்த வேண்டிய டோஸையும் பாத்து வச்சுட்டு அப்பறம் டயல் பண்ணுங்க, ரவுண்ட்ஸ் நடுவுல கூப்பிடாதீங்க. மூணு தடவை கேட்டது சரியா இருந்தா நாலாவது தடவை டாக்டரே உங்களைக் கூப்பிடுவாரு, இது நான் திரும்பத் திரும்பப் பாத்த விஷயம்.

சட்டத்துலயும் ஒரு கட்டு இருக்குது. ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் குடுக்கோணும்ங்கற மருந்துக்கு எழுதின பிராண்டு இல்லைன்னா அதே மருந்து வேற கம்பெனில இருந்தாலும் பார்மசிஸ்ட் தானா மாத்திக் குடுக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் மாத்தோணும். உள்ள இருக்கறது என்னன்னு அத்தனையும் தெரிஞ்ச ஆளுக்கு இது கையைக் கட்டின மாதிரிதான். ஒழுங்கான ஆஸ்பத்திரில இதுக்கு மருந்துக் கமிட்டி வச்சு, எந்த மருந்துக்கு எது மாத்துன்னு டாக்டருங்க கையெழுத்தோட ஒரு பார்முலரி போட்டுருவாங்க. அந்தக் கமிட்டில பார்மசி ஆளும் உக்காந்து பேசறாருன்னா அந்த எடம் நல்ல எடம்.

பார்ம்.டி படிச்சவங்க கதை இன்னும் கஷ்டம். 2008-ல ஆரம்பிச்ச படிப்பு, அஞ்சு வருஷம் படிப்பு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், வார்டு ரவுண்ட்ஸ்லயே வளந்தவங்க, கேஸ் ஷீட்டைப் படிச்சு எந்த மருந்து எதோட சேரக் கூடாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க. வேலைக்கு வந்தா பாதிப் பேரை கவுன்டர்ல நிக்க வச்சு பில்லு போட வைக்கறாங்க. வேலைல தூங்கிக்கிட்டு இருக்கற அறிவு இருக்குதே, அது ஆளை உள்ளேயே அரிக்கும். அதே படிப்பு படிச்சவங்க கிளினிக்கல் பார்மசிஸ்ட்டா ஐசியூ ரவுண்ட்ஸ் போற எடத்துல மொகமே வேற மாதிரி இருக்குது, மருந்தோட பக்கவிளைவைப் பதிவு பண்ணி அனுப்பறாங்க, 2010-ல இருந்து நாட்டுல அதுக்குன்னே ஒரு திட்டம் நடக்குது, கோயமுத்தூர்லயும் மெடிக்கல் காலேஜ்கள்ல அதுக்கு மையம் இருக்குது. சின்னப் பசங்களோட ஒரு சந்தேகத்துக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல நின்னு பதில் சொல்றாருன்னா, அன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போயி அம்மாவுக்குப் போன்ல சொல்லுவாங்க.

எந்த மாதிரி எடம் எப்பிடின்னு மேலோட்டமா சொல்றேன். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் மாதிரி ஊர்ல அம்பது பெட்டு நர்சிங் ஹோம்னா சம்பளம் கம்மி, பர்ச்சேஸும் நீங்கதான் பில்லும் நீங்கதான், ஆனா வர்ற ஜனம் பேரைச் சொல்லிக் கூப்பிடும், டாக்டர் பக்கத்து ரூம்லயே இருப்பாரு, எந்திரிச்சுப் போயி கேட்டுட்டு வந்துரலாம், பல பேருக்கு அதுவே நெம்ப நிம்மதி. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரின்னா கத்துக்கறதுக்கு அளவே கெடையாது, கீமோ மருந்து கலக்கறது, டிரான்ஸ்பிளான்ட் மருந்து, ஐசியூ மருந்தெல்லாம் வேற எங்க பாக்க முடியும், ஆனா ஆளு எண்ணிக்கைல ஒண்ணாப் போயிருவீங்க. டீச்சிங் ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் நடுவுல, என்னைக் கேட்டா மொத வேலைக்கு அதுதான் உசத்தி.

அரசாங்க வேலைக்கு எல்லாரும் ஆசைப்படறாங்க, சம்பளமும் பாதுகாப்பும் இருக்குது, நியாயம்தான். மருந்து வாங்கற தலைவலி அங்க கெடையாது, 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி, சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி, மாவட்ட குடோன்ல இருந்து பாஸ்புக் கணக்குல குடுக்குது, மத்த மாநிலங்க வந்து பாத்துட்டுப் போன முறை அது. ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒத்தை ஆளாப் போடுவாங்க, மத்தியானத்துக்குள்ள ஓபி பூராவையும் முடிக்கோணும், ஒரு ஆளுக்கு விளக்கிச் சொல்ல அரை நிமிஷம் கூட இருக்காது, லீவு போட்டா மாத்தாளு இல்லை. கூடவே 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஊடு ஊடாப் போற பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரைக் கணக்கும் சேந்துக்குச்சு. அங்க சம்பளத்துல கொறை சொல்ல மாட்டாங்க, மூச்சு விட நேரமில்லைன்னுதான் சொல்லுவாங்க. பிரமோஷன் வர்றதுக்குள்ள தலை வெளுத்துரும்.

கோடிங் விஷயத்துக்கு வர்றேன். மோசமான வேலைன்னு சொல்ல மாட்டேன். உக்காந்த வேலை, சனி ஞாயிறு லீவு, ரெண்டு மூணு வருஷத்துல சம்பளம் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போயிரும். கல்யாணம் பண்ணி வைக்கோணும், நைட் ஷிப்ட் ஒத்து வராதுன்னு ஒறம்பரைல பேச ஆரம்பிச்சா பொண்ணுங்க பாதிப் பேரு அங்கதான் போறாங்க, தப்பு சொல்ல முடியாது, ராத்திரி டூட்டிக்கு வண்டி கூட ஏற்பாடு பண்ணாத ஆஸ்பத்திரி மேலதான் தப்பு. ஆனா ஒண்ணு, கோடிங்ல நாலு வருஷம் இருந்துட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றது நெம்பக் கஷ்டம், மருந்து மாறிக்கிட்டே இருக்கும், கை விட்டுப் போயிரும். ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் இருந்துட்டு கோடிங் போறதோ, பக்கவிளைவைக் கண்காணிக்கற மருந்துப் பாதுகாப்பு வேலைக்குப் போறதோ சுலபம், அங்கயும் வார்டு பாத்த ஆளுக்கு மதிப்பு எச்சா. அதனால என் ஓட்டு மொதல்ல ஆஸ்பத்திரிக்கு.

சேர்றதுக்கு முன்னாடி பொண்ணை இதெல்லாம் கேக்கச் சொல்லுங்க, அப்பாவே வந்து கேக்காதீங்க, அது அவளுக்கு நல்லாருக்காது. நைட்ல ஷிப்ட்டுக்கு எத்தனை பேரு, ஒத்தை ஆளா இல்ல கூட ஆளு இருக்குதா. ஸ்டாக் இடிச்சா சம்பளத்துல பிடிப்பாங்களா, பிடிச்சா எந்த அளவுக்கு, அது ஆபர் லெட்டர்ல எழுதியிருக்குதா. பார்மசி இன்சார்ஜ் யாருக்குக் கீழ வர்றாரு. கவுன்டர், வார்டு, ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் பார்மசின்னு சுத்தி விடுவாங்களா, இல்ல ஓபி கவுன்டர்லயே வருஷம் பூரா நிக்கோணுமா. பார்மசிஸ்ட் புடிச்ச தப்பை எழுதறதுக்கு ஒரு பாரம் இருக்குதா, அதை யாரு படிக்கறாங்க. இந்தக் கடைசிக் கேள்விக்கு இன்டர்வியூ எடுக்கறவரு மொகத்தைப் பாக்கச் சொல்லுங்க, சட்டுனு எந்திரிச்சுப் போயி அந்த நோட்டை எடுத்துட்டு வந்து காட்டினாருன்னா யோசிக்காம சேந்துரலாம். நெத்தியைச் சுருக்கினாருன்னா சேந்துக்கலாம், ஆனா வேற எடத்துக்கும் அப்ளை பண்ணிக்கிட்டே இருக்கோணும்.

அப்பிடி பாரம் இல்லாத எடத்துல சேந்தாலும், அவளே ஒரு சின்ன நோட்டு போட்டுக்கச் சொல்லுங்க. நோயாளி பேரு வேண்டாம், தேதி, மருந்து, என்ன தப்பு, யாருகிட்டச் சொல்லி எப்பிடி மாத்தினது, அவ்ளோதான். எங்க டீம்ல இப்பிடி எழுதி வச்சிருந்த ஒரு பையன் அடுத்த வேலை இன்டர்வியூல அதை எடுத்து நீட்டினான், அங்க நேரா வார்டுக்கே எடுத்துக்கிட்டாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல ரிஜிஸ்ட்ரேஷன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி டிரெயினின்னு சொல்லி எத்தனை மாசம் வேணா இழுப்பாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் வந்த அன்னிக்கே சம்பளத்தை மாத்துவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. அப்பறம் சில எடத்துல ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி உள்ள வச்சுக்குவாங்க, வேலையை விடறப்ப மூணு மாச நோட்டீஸ், பாண்டு காசுன்னு சொல்லி அலைய விடுவாங்க. ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஒரிஜினலைக் காட்டிட்டுத் திரும்ப ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க. எம்ஆர்பில நோட்டிபிகேஷன் வந்தா சரிபார்ப்புக்கு அந்த ஒரிஜினலைத்தான் கேப்பாங்க.